படப்பெட்டிக்கும் விதி உண்டு: சினிமா, பத்திரிகை, உலக வர்த்தகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் படங்களுக்கு 100 சதவீத வரி போடப்போவதாக 2025 மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்ததிலிருந்து என்னிடம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டு உரிமை விற்பவர்கள், உதவி இயக்குநர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், கொழும்பிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எழுதும் நண்பர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. கீழே போகப் போகச் சிக்கல் கூடும் என்பதால் முதல் மூன்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

சினிமாவுக்கும் உலக வர்த்தக அமைப்புக்கும் என்னங்க சம்பந்தம்? அது அரிசி, பருத்தி, இரும்பு விவகாரம் இல்லையா?

எல்லை தாண்டி விலைபோகும் எதுவும் அதன் கணக்கில் வரும். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது மூன்று பெரிய ஒப்பந்தங்கள் அதன் குடைக்குள் வந்தன. சரக்குகளுக்கு 1947இலிருந்தே இருந்த 'காட்'. சேவைகளுக்குப் புதிதாக எழுதிய 'காட்ஸ்'. பதிப்புரிமை, காப்புரிமை போன்றவற்றுக்கு 'டிரிப்ஸ்'. படச்சுருளோ குறுந்தகடோ சரக்கு, விநியோகமும் திரையிடலும் சேவை, கதையும் இசையும் பதிப்புரிமை. ஆக, ஒரே படம் மூன்று ஒப்பந்தங்களிலும் கால் வைத்திருக்கிறது.

படம் சரக்கா, சேவையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இத்தனை வழக்குகளுக்கும் அதுதான் காரணம். படப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிலிம் காலத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் நாலாயிரம் மீட்டருக்கு மேல் பிலிம். சுருள் சுருளாகத் தகர டப்பாக்களில் அடைத்து, பெட்டியில் வைத்து, தூக்கி வண்டியில் ஏற்றுவார்கள். பல நாடுகளில் அதற்கு மீட்டர் கணக்கில் சுங்கம் இருந்தது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்து வரி போட்ட சரக்கு அது.

ஆனால் பிலிமின் விலை ஒன்று, அதைத் திரையிடும் உரிமையின் விலை வேறு. பணமெல்லாம் உரிமையில் இருக்கிறது. அது சேவையின் பக்கம். இன்று பெட்டியும் போய்விட்டது. படம் வன்தட்டில் வருகிறது, அல்லது செயற்கைக்கோள் வழியாகத் தியேட்டரின் சர்வரில் இறங்குகிறது. பூட்டைத் திறக்கும் கேடிஎம் சாவி மின்னஞ்சலில் வருகிறது. வெளியீட்டுக்கு முந்தைய இரவு, "பெட்டி வந்துச்சா?" என்று கேட்ட அதே ஆபரேட்டர் இன்று "சாவி வந்துச்சா?" என்று கேட்கிறார். சுங்க அதிகாரி அளப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

சரக்குன்னா என்ன, சேவைன்னா என்ன? எதுவா இருந்தா நமக்கென்ன?

சரக்கு என்றால் விதிகள் தாமாகவே பாயும். ஒரு பொருள் சுங்கம் கட்டி உள்ளே வந்துவிட்டால், அதன்பிறகு அதே மாதிரியான உள்நாட்டுப் பொருளைவிட மோசமாக அதை நடத்தக் கூடாது. கூடுதல் வரி போடக் கூடாது. 'இத்தனைதான் வரலாம்' என்ற எண்ணிக்கை வரம்பும் பொதுவாகக் கூடாது.

சேவை என்றால் நேர் எதிர். ஒவ்வொரு நாடும் ஒரு பட்டியல் தாக்கல் செய்திருக்கிறது. எந்தெந்தச் சேவையில் வெளிநாட்டாரை எந்த அளவுக்கு அனுமதிப்பேன் என்று அதில் எழுதிக் கொடுத்திருக்கிறது. எழுதியது அந்த நாட்டைக் கட்டும். எழுதாத துறையில் கோட்டா வைக்கலாம், உள்ளூர்க்காரருக்குச் சலுகை தரலாம். வெளிநாடுகளுக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒரு பொது விதி மட்டும் அங்கேயும் உண்டு. அதற்கும் தொடக்கத்திலேயே விலக்குப் பட்டியல் கொடுத்த நாடுகள் தப்பித்துக்கொண்டன. இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

அப்படின்னா தியேட்டர்ல சொந்த நாட்டுப் படத்துக்குன்னு நாள் ஒதுக்குறது தப்பா?

தப்பில்லை. 1947 காட் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு முழுக்க முழுக்க சினிமாவுக்காகவே எழுதப்பட்டது. ஆண்டின் திரையிடல் நேரத்தில் ஒரு பங்கை உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கலாம் என்கிறது. நிலக்கரிக்கும் கோதுமைக்கும் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. ஏன் சினிமாவுக்கு மட்டும்? போர் முடிந்த ஐரோப்பாவில் அமெரிக்கப் படங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்து ஒரே நேரத்தில் வந்து இறங்கின. 1946இல் பிரான்ஸ் தன் போர்க்கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள அமெரிக்காவுடன் ப்ளூம்–பெர்ன்ஸ் ஒப்பந்தம் போட்டது. அதன் விலையாகச் சினிமாக் கதவைத் திறந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு நான்கு வாரம் மட்டும் பிரெஞ்சுப் படங்களுக்கு. 1948 ஜனவரியில் நடிகர்களும் தொழிலாளர்களும் பாரிஸ் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு அது ஐந்து வாரமானது.

தென்கொரியாவின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே தியேட்டர்கள் ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படம் போட்டாக வேண்டும் என்றிருந்தது. எந்த வழக்கும் அதை அசைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பேச உட்காரும் முன்பே அதைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2006 ஜூலை 1 முதல் 73 நாள், சரியாகப் பாதி. உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் யாரும் பறிக்க முடியாத உரிமை இருதரப்புப் பேச்சில் கரைந்து போயிற்று.

அந்த 4ஆம் பிரிவு டிவிக்கும் செல்லுமா?

1947இல் டிவி ஒரு வியாபாரமாகவே வளரவில்லை, அதனால் பிரிவில் அந்தச் சொல்லே இல்லை. 1961இல் அமெரிக்கா இதைக் கிளப்பியது. குழு அமைத்துப் பேசினார்கள், முடிவு எட்டவில்லை. 1989இல் ஐரோப்பா ஓர் உத்தரவு போட்டது: நடைமுறையில் முடிந்தவரை, டிவி ஒளிபரப்பு நேரத்தில் பாதிக்கு மேல் ஐரோப்பியப் படைப்புகளாக இருக்க வேண்டும். அமெரிக்கா கொதித்தது. 'முடிந்தவரை' என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே உறுப்பு நாடுகள் பல ஆண்டுகள் ஓட்டின. சண்டை தீராமலே, அப்போது நடந்துகொண்டிருந்த உருகுவே சுற்றுக்குள் போயிற்று. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய பேச்சுவார்த்தை அது.

பிரான்ஸ் "கலாச்சார விதிவிலக்கு" வாங்கி வெச்சிருக்காமே. அது எந்த ஒப்பந்தத்துல எந்தப் பிரிவு?

எந்தப் பிரிவும் இல்லை. நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். பிரான்சும் அதன் பின்னால் நின்ற ஐரோப்பாவும் 1993 டிசம்பரில் உருகுவே சுற்றின் கடைசி நாட்கள்வரை அமெரிக்காவோடு மல்லுக்கட்டின. மொத்தப் பேச்சும் கவிழ்ந்துவிடும் என்ற நிலை. கடைசியில், ஒத்துப்போக முடியவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டு எழுந்தார்கள். சினிமா, டிவி சேவைகள் காட்ஸுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஐரோப்பா தன் பட்டியலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டது. பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதிக்கும் விலக்குக் கேட்டு வாங்கியது.

ஆகவே அந்தப் புகழ்பெற்ற விதிவிலக்கு என்பது எழுதாமல் விட்ட ஒரு வெற்றுக் கட்டம். அது தரும் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் ஒவ்வொரு புதிய பேச்சுவார்த்தையிலும் 'இந்தத் தடவையாவது எழுதுங்கள்' என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் மறுக்க வேண்டும். 2013 ஜூனில் அமெரிக்காவுடன் பெரிய ஒப்பந்தம் பேச ஐரோப்பா கிளம்பியபோது, ஒளி–ஒலித் துறையை மேசையிலேயே வைக்கக் கூடாது என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்து வென்றது.

எழுதிக் கொடுத்துட்டு மாட்டிக்கிட்ட நாடு எதாவது இருக்கா?

நியூசிலாந்து. நான் இந்த விஷயத்தைப் பேசும் எந்த இடத்திலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. எல்லாவற்றையும் திறந்துவிடும் காலம் அது. 1994இல் ஒளி–ஒலிச் சேவைகளிலும் விரிவாக எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த அரசு, வானொலியிலும் டிவியிலும் உள்ளூர்ப் பாட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் கட்டாயப் பங்கு கொண்டுவர விரும்பியது. மக்களிடம் வாக்குக் கேட்டுச் சொன்ன திட்டம். கோப்பை எடுத்துப் பார்த்தால் காட்ஸ் பட்டியல் குறுக்கே நிற்கிறது.

எழுதியதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடாக வேறொரு துறையைத் திறக்க வேண்டும். பாட்டுக்காகப் பால் பொருளை அடகு வைக்கிற மாதிரி. கடைசியில் வானொலி நிலையங்களோடு தாமாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாடாக 2002இல் ஒரு நடைமுறை விதியைச் செய்துகொண்டார்கள். பாட்டு ஒலித்தது, அது நல்ல செய்திதான். ஆனால் சட்டமாகச் செய்ய முடியாமல், கேட்டுக்கொண்டு செய்தார்கள். அப்போது நாற்பது லட்சம் பேர் வாழ்ந்த நாடு தன் குரலைத் தன் வானொலியில் கேட்க விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இந்தியா என்ன எழுதிக் குடுத்திருக்கு?

கொஞ்சமே கொஞ்சம். திரைப்பட, வீடியோ விநியோகத்தில் மட்டும், அதுவும் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளைபோல் இயங்கும் பிரதிநிதி அலுவலகம் வழியாக, ஆண்டுக்கு 100 படத் தலைப்புகள் வரை. அந்தப் படங்களும் சர்வதேச விழாக்களில் விருதோ அதிகாரபூர்வப் பங்கேற்போ, மதிப்புள்ள சினிமா இதழ்களில் நல்ல விமர்சனமோ பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை.

"ஆனா நம்ம ஊர்ல ஹாலிவுட் படம் வாராவாரம் வருதே?" என்று உடனே கேட்பார்கள். ஆம். நடைமுறையில் இந்தியா இதைவிட வெகுவாகத் திறந்திருக்கிறது. சினிமாத் துறையில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கும் அனுமதி உண்டு. நாமாகத் திறந்த கதவை நாமாகச் சாத்தலாம். எழுதிக் கொடுத்துத் திறந்த கதவை ஈடு கொடுக்காமல் சாத்த முடியாது. நியூசிலாந்துக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசம். இந்தியப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் கை இறுக்கமாக இருந்தது சரியென்றே நான் கருதுகிறேன்.

பத்திரிகை, புத்தகத்துக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு; இந்தத் துறையின் மிக முக்கியமான தீர்ப்பே பத்திரிகையில் வந்ததுதான். கனடாவில் ஒரு பழைய கவலை. அமெரிக்கப் பத்திரிகை தன் கட்டுரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, விளம்பரங்களை மட்டும் கனடியக் கடைகளிடம் வாங்கி ஒரு கனடியப் பதிப்பு போடும். கட்டுரைச் செலவு ஏற்கெனவே அமெரிக்காவில் கழிந்துவிட்டதால் விளம்பரத்தை மலிவாகக் கொடுக்க முடியும். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரமில்லாமல் பட்டினி கிடக்கும். எனவே 1965இலேயே இப்படிப்பட்ட பதிப்புகளின் இறக்குமதியைத் தடுத்தார்கள். 1993இல் அமெரிக்க விளையாட்டு இதழான 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' தாளை அனுப்பவில்லை; பக்கங்களை மின்னணு வழியில் கனடாவுக்கு அனுப்பி அங்கேயே அச்சடித்தது. எல்லையில் தடுக்கப் பெட்டியே இல்லை. கனடா அந்தப் பதிப்புகளின் விளம்பர மதிப்பில் 80 சதவீத வரி போட்டது.

அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. "இது விளம்பரச் சேவை மீதான வரி; விளம்பரச் சேவையில் நாங்கள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை" என்றது கனடா. 1997இல் மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏற்கவில்லை. கட்டுரையும் விளம்பரமும் சேவைத் தன்மை உடையவைதான், ஆனால் இரண்டும் சேர்ந்து உருவாவது பத்திரிகை என்ற கண்கூடான பொருள் என்றது. சரக்கு என்று ஆனதும் விதி பாய்ந்தது, கனடா தோற்றது. பின்னர் வேறு சட்டம் கொண்டுவந்தபோது எஃகு, மரம், துணி எல்லாவற்றிலும் பதிலடி கொடுப்போம் என்று அமெரிக்கா மிரட்டியது. 1999இல் சமரசம்: அமெரிக்கப் பத்திரிகைகள் கனடிய வாசகருக்கான விளம்பரத்தை 12 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக 18 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளில இலங்கையில இந்தியச் சஞ்சிகைகள் வராமல் கட்டுப்படுத்தினவை. இப்ப அப்பிடிச் செய்யேலுமோ?

அதே மாதிரிச் செய்ய முடியாது. அச்சான சஞ்சிகை சரக்கு என்று இப்போதுதான் பார்த்தோம். சரக்குக்கு எண்ணிக்கை வரம்போ தடையோ பொதுவாகக் கூடாது. அந்நியச் செலாவணி வறண்டு போன வளரும் நாடு தற்காலிகமாக இறக்குமதியைக் கட்டுப்படுத்த மட்டும் வழி உண்டு. 'எங்கள் எழுத்தாளர் வளரட்டும்' என்ற காரணம் அந்த விதியில் செல்லாது.

ஆனால் அந்தக் கட்டுப்பாடு என்ன செய்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டு வார இதழ்கள் வராத அந்த ஆண்டுகளில் வீரகேசரி பிரசுரங்கள் ஈழத்து நாவல்களை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தன. கனடாவுக்கு அமெரிக்கா எப்படியோ, இலங்கைத் தமிழ் எழுத்துக்கு நாம் அப்படி. தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சீனா வருஷத்துக்கு இத்தனை படம்னு வெச்சிருக்கே, அதை யாரும் தட்டிக் கேக்கலையா?

வசூலில் பங்கு தரும் முறையில் ஆண்டுக்கு 20 வெளிநாட்டுப் படம் என்பது சீனா 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட எண். 2007இல் அமெரிக்கா தொடுத்த வழக்கு அந்த எண்ணைப் பற்றியது அல்ல; படங்களையும் புத்தகங்களையும் இறக்குமதி செய்யும் உரிமை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் இருப்பதைப் பற்றியது. "நாங்கள் கட்டுப்படுத்துவது படத்தின் உள்ளடக்கத்தை, அது சேவை" என்றது சீனா. உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தினால் அதைச் சுமந்து வரும் பெட்டியையும் கட்டுப்படுத்தியதாகவே ஆகும் என்று 2009இல் தீர்ப்பு வந்தது. படப்பெட்டி இங்கேயும் வந்து நின்றதைப் பாருங்கள்.

2012இல் இரு நாடுகளும் சமரசம் செய்துகொண்டன. 3டி, ஐமேக்ஸ் வடிவங்களில் இன்னும் 14 படம், ஆக 34. வெளிநாட்டார் பங்கு 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானது.

அப்ப சென்சார் போர்டும் வர்த்தகத் தடைன்னு சொல்லிருவாங்களா?

சொல்ல மாட்டார்கள், ஒழுங்காகச் செய்தால். பொது ஒழுக்கத்தைக் காக்கத் தேவையான நடவடிக்கைக்கு காட் 20ஆம் பிரிவு இடம் தருகிறது. சீனா அதைத்தான் சுட்டியது. தணிக்கை செய்யும் உரிமையை நடுவர்கள் மறுக்கவில்லை. தணிக்கையை அரசே செய்யலாமே, அதற்காக இறக்குமதியையே அரசு நிறுவனத்துக்கு மட்டும் கட்டி வைப்பானேன் என்று கேட்டார்கள். உள்நாட்டுப் படத்துக்கும் வெளிநாட்டுப் படத்துக்கும் ஒரே சான்றிதழ் முறை வைத்திருக்கும் நாட்டுக்குப் பயமில்லை.

அதே 20ஆம் பிரிவு கலை, வரலாறு, தொல்லியல் மதிப்புள்ள தேசியச் செல்வங்களையும் காக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனியை ஏற்றுமதி செய்யத் தடை போடுவது வர்த்தக விதி மீறல் ஆகாததற்கு இதுவே காரணம்.

அரசு மானியம் குடுத்தா அதுக்கும் கேஸ் போடுவாங்களா?

மானியம்தான் இருப்பதிலேயே பத்திரமான வழி. சேவைகளுக்கு மானிய விதிகள் இன்னும் எழுதப்படவே இல்லை. பேசுவோம் என்று விட்டுவைத்தார்கள். பிரான்ஸ் 1948லேயே வழி கண்டது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கு (இன்று 10.72 சதவீதம்) தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படம் ஓடினாலும் அதே பங்குதான். வசூலில் பாகுபாடு இல்லை. அந்தப் பணம் திரும்பும்போது பிரெஞ்சு சினிமாவுக்குத் திரும்புகிறது. அமெரிக்காவே தன் காட்ஸ் பட்டியலில், தேசியக் கலை நிதியின் உதவி தன் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கும் மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

தமிழ்ப் பேர் வெச்சா வரிவிலக்குன்னு 2006ல குடுத்தாங்களே, அதை வெளிநாட்டுக்காரன் எதிர்க்க முடியுமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் சிக்கலானது. மாநில அரசு செய்தாலும் உலக வர்த்தக அமைப்பில் பதில் சொல்ல வேண்டியது இந்தியாதான். வெளிநாட்டுப் படத்துக்கு மட்டும் கூடுதல் வரி போட்டால் சிக்கல்: துருக்கி வெளிநாட்டுப் பட வசூலுக்கு மட்டும் 25 சதவீத வரி வைத்தது, அமெரிக்கா புகார் செய்தது, 1997இல் சமப்படுத்த ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டுச் சலுகையோ நாட்டைப் பார்க்கவில்லை, மொழியைப் பார்த்தது. மும்பையில் எடுத்த இந்திப் படமும் கலிபோர்னியாவில் எடுத்த ஆங்கிலப் படமும் ஒரே வரிசையில் நின்றன. இந்த வாதம் பலமானதுதான். ஆனாலும் மொழி என்ற பெயரில் நடைமுறையில் வெளிநாட்டாரே அடிபடுகிறார்களா என்று நடுவர்கள் தோண்டிப் பார்க்கலாம்.

வெளிநாட்டார் யாரும் வரும் முன்பே நம் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய ஒன்றைச் சொல்லிவிட்டது. ஆந்திராவில் தெலுங்குப் படத்துக்குக் குறைவாகவும் பிறமொழிப் படத்துக்கு அதிகமாகவும் இருந்த கேளிக்கை வரியை 2007இல் அது ரத்து செய்தது. என் கருத்து: மொழியை வளர்க்க வரிச் சலுகையைவிட, மேலே சொன்ன டிக்கெட் நிதி போன்ற ஏற்பாடு சட்டத்திலும் நிற்கும், சின்னப் படங்களுக்கும் போய்ச் சேரும்.

யுனெஸ்கோ ஒப்பந்தம் ஒண்ணு இருக்கே, அது போதாதா?

2005 அக்டோபர் 20 அன்று 148 நாடுகள் ஆதரித்து நிறைவேறிய ஒப்பந்தம் அது. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். கலாச்சாரப் பொருள்கள் வெறும் சரக்கு அல்ல, அடையாளத்தையும் மதிப்பீடுகளையும் சுமப்பவை என்று சர்வதேசச் சட்டத்தில் எழுதி வைத்தது பெரிய காரியம். இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதன் 20ஆம் பிரிவைப் படியுங்கள். இந்த ஒப்பந்தம் மற்ற ஒப்பந்தங்களுக்குக் கீழ்ப்பட்டதல்ல என்று ஒரு பத்தி. மற்ற ஒப்பந்தக் கடமைகள் எதையும் இது மாற்றாது என்று அடுத்த பத்தி. சீனா தன் வழக்கில் இதைக் குறிப்பிட்டுப் பார்த்தும் தப்பிக்க முடியவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் பிடித்துக்கொள்ள நல்ல கைப்பிடி. நீதிமன்றத்தில் கேடயம் ஆகாது.

நெட்ஃபிளிக்ஸ், அமேசான் எல்லாம் எந்தக் கணக்குல வரும்?

இங்கே பெட்டியே கிடையாது என்பதால் பொதுவாகச் சேவையாகவே பார்க்கிறார்கள். ஆகவே பழைய கேள்விதான் மறுபடியும்: உங்கள் நாடு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது? எதுவும் எழுதாத ஐரோப்பா 2018இல் ஓடிடி தளங்களின் தொகுப்பில் குறைந்தது 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்பு இருக்க வேண்டும், அது கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிரான்ஸ் 2021இல் ஒரு படி மேலே போய், அங்கே ஈட்டும் வருமானத்தில் 20 முதல் 25 சதவீதத்தைப் படைப்புகளில் முதலிடச் சொன்னது.

சுங்கம் வேறு கதை. மின்னணு வழியில் போகும் எதற்கும் சுங்கம் போடுவதில்லை என்று 1998இல் தற்காலிகமாக முடிவு செய்தார்கள். மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்து, 2024இல் அபுதாபியில் அடுத்த மாநாடு வரை அல்லது 2026 மார்ச் 31 வரை என்று கெடு வைத்தார்கள். குறுந்தகடும் பெட்டியும் மறைந்ததால் வளரும் நாடுகள் சுங்க வருமானத்தை இழக்கின்றன என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன.

டிரம்ப் சொன்ன 100 சதவீதம் வந்தா நம்ம படத்துக்கு அமெரிக்காவுல டிக்கெட் விலை ரெண்டு மடங்காகுமா?

2025 மே 4 அன்று சொன்னார், செப்டம்பர் 29 அன்று மறுபடியும் சொன்னார். எதன் மேல் நூறு சதவீதம் என்பதுதான் முதல் சிக்கல். சர்வரில் இறங்கும் கோப்பின் மதிப்பா, உரிமைத் தொகையா, வசூலா? சுங்கம் சரக்குக்கு உரியது. நம் படம் அங்கே போவது பெரும்பாலும் கோப்பாக. அதோடு, சினிமாத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் ஆகியவற்றில் காட்ஸில் தாராளமாக எழுதிக் கொடுத்த நாடு அமெரிக்கா. ஐரோப்பாவின் வெற்றுக் கட்டம் அதற்கு இல்லை.

உள்நாட்டிலும் ஒரு தடை உண்டு. அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தை வைத்துப் படம், புத்தகம் போன்ற தகவல் பொருள்களின் வரவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 1988இலேயே அவர்கள் நாடாளுமன்றம் திருத்தம் செய்திருக்கிறது. என்றாலும் அமெரிக்க உரிமையை விற்கும் தயாரிப்பாளர்களுக்கு நான் சொல்வது: புதிய வரி வந்தால் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்பட்ட தயாரிப்பாளர் நேரா ஜெனீவா போய் வழக்குப் போடலாமா?

முடியாது. அரசு மட்டுமே அரசின் மீது தொடுக்க முடியும். நீங்கள் டெல்லியில் வர்த்தக அமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பும் போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு அந்தரத்தில் நிற்கும்.

கனடாவுல இருக்கிற தமிழ்த் தயாரிப்பாளரும் சென்னைத் தயாரிப்பாளரும் சேர்ந்து எடுத்தா அது எந்த நாட்டுப் படம்?

முறைப்படி செய்தால் இரண்டு நாட்டுப் படமும் ஆகும். இந்தியாவும் கனடாவும் 2014இல் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்கீழ் ஒப்புதல் பெற்ற படம் அங்கே கனடியப் படம், இங்கே இந்தியப் படம். இரு பக்கத்துச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். இது மற்ற வெளிநாடுகளுக்குக் கிடைக்காத சலுகை, அதாவது பாகுபாடு. அதனால்தான் மூன்றாம் கேள்வியில் சொன்ன விலக்குப் பட்டியலில் பல நாடுகள் கூட்டுத் தயாரிப்பை முன்யோசனையோடு சேர்த்துவைத்தன.

ஒரே எச்சரிக்கை. படத்தை முடித்துவிட்டு வந்து 'இதைக் கூட்டுத் தயாரிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக அப்படிக் கிடைக்காது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே இங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமும் அங்கே டெலிஃபிலிம் கனடாவிடமும் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முதலீட்டில் யார் பங்கு எவ்வளவு, யார் எந்தப் பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருக்க வேண்டும்.